ஒரு கண் கும்பகோணம்

கண்ணைப் பாடாத தமிழ்ப் புலவர் இலர். கயல் என்றும் குவளை என்றும் மானின் விழி என்றும் மாவடுவின் பிளவு என்றும் உவமைகளை அடுக்கி, அவையும் போதாத இடத்து வேல் என்றும் வாள் என்றும் சொல்லி அஞ்சி நின்ற மரபு நம் மரபு. ஆயினும் கண்ணைத் திறந்தவுடன் மேலிமையில், மயிர்வரிசைக்குச் சற்று மேலே, பிறைபோல் விழுகின்ற மடிப்புக்கு நம் அன்றாட வழக்கில் ஒரு தனிச்சொல் கிடையாது. காரணம் எளிது. நம்மில் ஏறக்குறைய எல்லோருக்கும் அது பிறவியிலேயே இருக்கின்றது. எல்லோரிடமும் இருக்கும் பொருளுக்குப் பெயர் தேவைப்படுவதில்லை. கொரிய மொழியில் அதற்குப் பெயர் உண்டு. ‘ஸாங்க்கொபுல்’ என்பர், இரட்டைத் தோல் என்று பொருள்படும். அந்நாட்டில் அது சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை. ஒரு கண்ணில் மட்டும் அமைவதும் உண்டு. அத்தகைய கண்களுக்கும் ‘ஜாங்நுன்’ என்று ஒரு பெயர் வைத்திருக்கின்றனர். சோடி சேராத கண்கள்.

எங்கள் பேத்தி அவ்வாறு பிறந்தவள்.

இக்கட்டுரையில் ‘நாங்கள்’ என்பது தில்லியில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்ட ஒரு கிழவனையும் கிழவியையும் குறிக்கும். எழுதுகின்ற கை ஒன்றுதான். எனினும் சொல்லப்போகும் பிழையில் இருவருக்கும் சமபங்கு இருத்தலின், ஒருமையில் எழுத மனம் ஒப்பவில்லை.

எங்கள் மகன் 1999-ஆம் ஆண்டு மேற்படிப்புக்காகத் தென்கொரியாவின் தேஜான் நகருக்குச் சென்றான். படிப்பு முடிந்ததும் அந்நாட்டிலேயே வேலை. 2001-இல் அந்நாட்டுப் பெண்ணொருத்தியோடு திருமணம். மணமக்களைக் கும்பகோணத்துக்கு அழைத்து வந்து உறவினர்க்கு ஒரு விருந்து வைத்தோம். வந்தவர் பலரும், “கொரியாக்காரப் பெண் என்றார்களே, கண்ணெல்லாம் நன்றாகப் பெரிதாகத்தானே இருக்கிறது!” என்று வியந்தனர். நாங்களும் அதை ஒரு நற்சான்றிதழ்போல் எண்ணி, மருமகளிடம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னோம். அவள் தலை குனிந்து முறுவலித்தாள். அம்முறுவலின் பொருள் எங்களுக்கு விளங்க இருபத்தோராண்டு ஆயிற்று.

பேத்தி 2003-இல் பிறந்தாள். மூன்று வயதில் முதன்முறையாகத் தில்லிக்கு வந்தபோதுதான் அவள் முகத்தை நாங்கள் ஆற அமரப் பார்த்தோம். இடக்கண்ணில் தெளிவான மடிப்பு. எங்கள் மகனின் கண்ணேதான். வலக்கண்ணில் மடிப்பில்லை, இமை ஒரே பரப்பாய், வழுவழுவென்று, நிலவின் மேற்புறம்போல் இறங்கியது. அவளுடைய தாய்வழிப் பாட்டியின் கண் அது. நாங்கள் அவளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னோம்: “ஒரு கண் கும்பகோணம், ஒரு கண் கொரியா!”

குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அன்றிலிருந்து அவ்வாக்கியம் எங்கள் குடும்பத்தின் சொத்தாயிற்று. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், “கும்பகோணத்துக் கண் என்ன செய்கிறது, கொரியாக் கண் என்ன செய்கிறது?” என்று கேட்போம். வீட்டுக்கு வந்தோர்க்கு அவளுடைய நிழற்படத்தைக் காட்டினால் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஒரு நகைச்சொல்லைப் பத்தாண்டு திரும்பத் திரும்பச் சொல்லுகிறவர்களுக்கு, அதைக் கேட்கிற குழந்தை வளர்ந்துகொண்டே வருகிறது என்பது தோன்றுவதில்லை போலும்.

2016-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் கும்பகோணத்தில் மகாமகம். மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்திக்குப் பன்னிரண்டு வயது நிறைந்திருந்தது. உறவினர் வீட்டுக் கூடத்தில் இருபது முப்பது பேர் கூடியிருந்த நேரம். வழக்கம்போல் எங்கள் வாக்கியத்தை எடுத்துவிட்டோம். தூரத்து உறவில் பெரியம்மா முறையாகும் முதியவள் ஒருத்தி, “எங்கே, பார்க்கலாம்” என்று குழந்தையின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். தன் உள்ளங்கையால் அவளுடைய வலக்கண்ணை மூடினாள். “இது நம்ம வீட்டுப் பொண்ணு” என்றாள். பிறகு கையை மாற்றி இடக்கண்ணை மூடினாள். “இது யாருடி?” என்றாள்.

கூடமே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பேத்தியும் சிரித்தாள் என்றுதான் எங்கள் நினைவு.

அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின் சியோல் சென்று அவர்களுடன் ஒரு மாதம் தங்கியிருந்தோம். காலையில் பள்ளிக்குப் புறப்படும் முன் அவள் குளியலறைக் கண்ணாடியின் முன் நெடுநேரம் நிற்பாள். ஒருநாள் அவள் வலது இமையின்மேல் நகக்கண்ணளவில் பிறைவடிவான ஒரு பிளாஸ்திரித் துண்டு ஒட்டியிருக்கக் கண்டோம். கண்கட்டி வந்திருக்கிறது என்று எண்ணி, நாமக்கட்டியை இழைத்துப் போடலாமா என்று கேட்டோம். அவள் ஒன்றும் சொல்லாமல் சென்றுவிட்டாள். இமையில் மடிப்பு விழச்செய்வதற்கென்றே அந்நாட்டுக் கடைகளில் அத்தகைய ஒட்டுநாடாக்களும் பசையும் விற்கின்றனர் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம்.

2022 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு மகன் தொலைபேசியில் அழைத்தான். பல்கலைக்கழகத்தில் முதலாண்டு முடித்துக் குளிர்கால விடுமுறையில் இருந்த பேத்திக்கு அன்று காலை வலது இமையில் அறுவைச் சிகிச்சை நடந்தது என்றான். நோய் ஒன்றுமில்லை, மடிப்புக்காக என்றான். முன்னரே சொன்னால் நாங்கள் தடுப்போம் என்று சொல்லவில்லையாம். எங்களுக்கு வந்த சினத்தை இங்கே விவரிக்க வேண்டுவதில்லை. இறைவன் தந்த கண் என்றோம். தாத்தா பாட்டி செத்துவிட்டார்களா என்றோம். அப்போதுதான் மருமகள் கைப்பேசியை வாங்கி, தனக்கே உரிய மெதுவான குரலில் ஒன்று சொன்னாள். அவளும் பள்ளியிறுதித் தேர்வு முடிந்த குளிர்காலத்தில் இரு கண்களுக்கும் அதே சிகிச்சையைச் செய்துகொண்டவள். கும்பகோணத்து விருந்தில் நாங்கள் மொழிபெயர்த்துப் புகழ்ந்த கண்கள் சியோலில் ஒரு மருத்துவர் தைத்துக் கொடுத்தவை.

அவளுக்குச் செய்தது வெட்டாமல் நூலால் மட்டும் உள்ளே தைக்கும் முறை. நூல் காலப்போக்கில் நெகிழ்வதுண்டு. நெகிழ்ந்தால் மடிப்பு மங்கும். சில ஆண்டுகளாக அவள் கண்கள் சிறுத்துவருவதைக் கண்டு, அலுவலகத்தில் வேலை மிகுதி என்று நாங்கள் எங்களுக்குள் வருந்திக்கொண்டிருந்தோம். நகைப்பதா அழுவதா என்று அன்றிரவு தெரியவில்லை.

அறியாத ஒன்றின்மேல் சினந்துகொண்டே இருப்பதும் கடினம். எங்களில் ஒருவர் மத்தியப் பொதுப்பணித் துறையில் முப்பத்துநான்கு ஆண்டு வரைபடம் வரைந்தவர். எதையும் குறுக்குவெட்டுத் தோற்றத்தில் பார்த்தால்தான் மனம் அமைதியுறும். ஆதலின் தேடிப் படித்தோம். மேலிமையைத் தூக்குவதற்கு ஒரு தசை இருக்கின்றது. அதன் முனை அகன்ற மெல்லிய தகடாய் இமையினுள் இறங்குகிறது. அத்தகட்டிலிருந்து கிளம்பும் நுண்ணிழைகள் தோலின் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டால், கண் திறக்கும்போதெல்லாம் அவ்விடத்துத் தோல் உள்நோக்கி இழுக்கப்பட்டு மடிப்பு விழும். திரைச்சீலையின் பின்புறம் தைத்த நூலைச் சுண்டினால் சீலை கொசுவுவதுபோல. இழைகள் தோலை எட்டாமற்போனாலோ, கண்குழியின் கொழுப்பு தாழ இறங்கி இடையில் அமர்ந்துகொண்டாலோ மடிப்பில்லை. அவ்வளவே வேறுபாடு. இதில் அழகுக்கோ அறிவுக்கோ ஒரு பங்கும் இல்லை. அறுவை மருத்துவர் செய்வதெல்லாம் தோலுக்கும் உள்ளே உள்ள தகட்டிற்கும் இடையே அந்தப் பற்றுதலை உண்டாக்குவது. பேத்தியின் வலது இமை தடித்தது, நூல் நில்லாது என்று கூறி, மருத்துவர் வெட்டித் தைக்கும் முறையைக் கையாண்டிருந்தார். மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, நடுவில் அவளைக் கண்ணைத் திறக்கச் சொல்லி, இடக்கண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தைத்தாராம்.

இந்தச் சிகிச்சையை முதலில் எழுதிவைத்தவர் மிகாமோ என்ற ஜப்பானிய மருத்துவர், ஆண்டு 1896. பட்டு நூலால் இமையைத் தைத்துச் சில நாள்களில் நூலை அவிழ்த்துவிடும் முறை அவருடையது. இதில் எங்களை நிறுத்தி வைத்த செய்தி வேறு. அவர் எழுதிய அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்ணில் மடிப்பு உண்டு, மற்றதில் இல்லை. நூற்றிருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் ஒருத்தி, எங்கள் பேத்தியைப்போலவே, தன் ஒரு கண்ணை மற்றொரு கண்ணுக்கு ஒப்பாக்கச் சொல்லி மருத்துவரிடம் சென்றிருக்கிறாள். அவளுக்கும் ஒரு கூடமும் உள்ளங்கையும் வாய்த்திருந்தனவோ என்னவோ.

கொரியாவில் இது பரவியதற்கு வேறொரு வரலாறு சொல்வர். கொரியப் போர் ஓய்ந்த மறு ஆண்டாகிய 1954-இல், அமெரிக்கப் படையோடு அங்குச் சென்றிருந்த ரால்ஃப் மில்லார்டு என்னும் அறுவை மருத்துவரிடம் கொரிய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்து, தம் கண்களை வட்டமாக்கித் தரும்படி கேட்டார். மில்லார்டு அதைச் செய்து கட்டுரையும் எழுதினார். வெள்ளையர் முகத்தை நாடும் அடிமைப் புத்தி என்று இதைச் சாடுவோர் அவரைச் சுட்டுவர். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே மிகாமோ இருந்தார், கொரியரிலும் ஜப்பானியரிலும் பிறவியிலேயே மடிப்புள்ளோர் மிகப்பலர் என்று மறுப்போர் மறுப்பர். இரண்டிலும் உண்மை இருக்கலாம். எங்கள் வீட்டு வழக்கில் மில்லார்டும் குற்றவாளியல்லர், மிகாமோவும் அல்லர்.

2023 ஜனவரி 3-ஆம் நாள், சிகிச்சை நடந்த பன்னிரண்டாம் நாள், பேத்தி தனியாகத் தில்லிக்கு வந்து இறங்கினாள். மூடுபனியில் விமானம் நான்கு மணி நேரம் தாமதம். தையல் பிரித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தவள் மயூர் விஹார் வீட்டுக்குள் வந்து அதைக் கழற்றினாள்.

நாங்கள் எதிர்பார்த்தது இரண்டு கும்பகோணத்துக் கண்களை. கண்டது வேறு. வலது இமையில் மடிப்பு இருந்தது. ஆனால் இடப்புறத்து மடிப்பைவிட இருமடங்கு உயரத்தில், கத்தியால் கீறியதுபோல் ஆழமாக இருந்தது. மடிப்புக்கும் இமைமயிருக்கும் இடையே இருந்த தோல் உப்பி, பழுத்த நாவற்பழத் தோல்போல் மினுக்கிற்று. கண்ணுக்குக் கீழே கன்றிய நீலம் வடிந்து மஞ்சளாகியிருந்தது. முகமே அயலார் முகமாக, எந்நேரமும் பாதி வியப்பில் இருப்பவள்போல் தோன்றினாள்.

“ஐயோ, இதற்குத்தானா?” என்று எங்கள் வாயிலிருந்து வந்துவிட்டது. இருவரில் யார் சொன்னது என்பதைப் பற்றி இன்றும் எங்களுக்குள் உடன்பாடில்லை. பேத்தி காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளியலறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டாள். அரைமணி நேரம் குழாயில் நீர் விழும் ஓசை மட்டும் கேட்டது.

பின்னர் அவளே எங்களை உட்காரவைத்து, மருத்துவமனையில் கொடுத்த தாளைக் காட்டி விளக்கினாள். மடிப்பு உயர்ந்துவிடவில்லை, தைத்த இடத்திலேயே இருக்கிறது. அதன் கீழுள்ள தோல் வீங்கியிருப்பதால் உயர்ந்ததாகத் தோன்றுகிறது. வீக்கத்தின் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வாரத்தில் வற்றும். எஞ்சியது மாதக்கணக்கில் மெல்ல வற்றும். தழும்பு முதலில் சிவந்து இறுகும், பிறகுதான் இளகும். இறுகியிருக்கும் காலத்தில் மடிப்பு ஆழமாகத் தெரியும். ஆறு மாதம் செல்லும் முன் நன்றாயிற்று என்றோ கெட்டது என்றோ சொல்லலாகாது. அதற்கு முன் திருத்தியமைக்கக் கேட்டாலும் மருத்துவர் பொதுவாக இசையார். “இது இன்னும் என் கண் இல்லை, தாத்தா. கண் வரப்போகுது” என்றாள். அவளுடைய தமிழ் வீட்டிலே கற்ற தமிழ். சில சமயம் அது நேராக இலக்குக்குப் போய்விடும்.

அவள் எங்களோடு இருந்த ஆறு வாரமும் வீட்டில் ஒரு புதிய ஒழுங்கு நிலவிற்று. இரண்டு தலையணையை அடுக்கித் தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். காலையில் எழுந்தவுடன் வீக்கம் மிகுந்திருக்கும். நிமிர்ந்து நடமாட நடமாட நீர் இறங்கி, மாலையில் மடிப்பு ஒரு நூலளவு தணிந்திருக்கும். வானிலை அறிக்கை கேட்பதுபோல் காலையும் மாலையும் அவள் முகத்தைக் கேட்டறிந்தோம். உப்பு மிகுந்தால் உடம்பு நீரைப் பிடித்துவைக்கும்; ஆகவே ஊறுகாய், அப்பளம், வடகம் மூன்றும் பரணேறின. வந்த முதல்வாரம் எங்கள் வீட்டு வற்றற்குழம்பை அவள் ஆசையோடு இருமுறை வாங்கி உண்டு, மறுநாள் காலை கண்ணைத் திறக்கவே வருந்தியபோதுதான் அத்தாளில் இருந்த எச்சரிக்கையின் பொருள் எங்களுக்கு எட்டிற்று. கொரியாவில் இத்தகைய வீக்கம் வடியப் பரங்கிக்காய்ச் சாறு குடிப்பார்கள். மருமகள் உறைகளில் அடைத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். அது பத்து நாளில் தீர்ந்தது. பிறகு தில்லிச் சந்தையிலிருந்து பரங்கிக்காய் வாங்கி வந்து உப்பில்லாக் கூட்டும், அடையும், பாலில் வேகவைத்துப் பாயசமும் செய்தோம். பரங்கிக்காய்க்கு அந்த ஆற்றல் உண்டா என்று வாதிட எங்களிடம் அறிவியல் இல்லை. எங்களுக்கும் செய்வதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

இமை முழுதும் மூடாததால் இரவில் களிம்பு இடுவோம். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல் என்பது விரல்நுனியில் தெரிந்தது. வெட்டின் கீழே அவளுக்கு உணர்ச்சி மரத்திருந்தது. “தொடுறீங்களா பாட்டி?” என்று கேட்பாள், தொட்டுக்கொண்டுதான் இருப்போம்.

ஜனவரிக் கடைசியில் ஒருநாள் மாலை லஜ்பத் நகர்க் கடைத்தெருவுக்கு அழைத்துச் சென்றோம். கன்றல் முழுதும் மறைந்துவிட்டது. கறுப்புக் கண்ணாடி இன்றி அவள் வெளியே வந்தது அன்றுதான். இருகண்ணிலும் மடிப்போடு அவள் கடைத்தெருவில் நடப்பதை நாங்கள் ஓரக்கண்ணால் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தோம். ஸ்கூட்டரில் சாய்ந்து நின்ற இளைஞர் மூவர், வடகிழக்கு மாநிலத்தவரைச் சுட்ட இத்தலைநகர் பயன்படுத்தும் சொல்லை அவளை நோக்கி எறிந்தனர். அச்சொல்லை இம்மலரில் அச்சேற்ற விரும்பவில்லை. 2014 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்து மாணவர் நிதோ தானியா தம் தோற்றத்தைக் கேலி செய்தவர்களை எதிர்த்துக் கேட்டு அடிபட்டு உயிரிழந்ததும் அதே லஜ்பத் நகரில்தான். நாங்கள் அவளைப் பற்றி இழுத்துக்கொண்டு விரைந்தோம். அவளுக்கு இந்தி தெரியாது. ஆனால் எந்தச் சொல் என்பது தெரிந்திருந்தது.

“பாருங்க தாத்தா, இவங்களுக்கு மடிப்பு ஒண்ணா ரெண்டான்னு கணக்கே இல்லை” என்றாள், ஆட்டோவில் ஏறியபின்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, பல நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டோம். நாங்கள் சொன்ன அந்த வேடிக்கையாலா இப்படிச் செய்துகொண்டாய்? இல்லை என்று அவள் சொல்லிவிடுவாள், அதைப் பற்றிக்கொண்டு நிம்மதி அடையலாம் என்ற நப்பாசை எங்களுக்கு இருந்தது என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை.

அவள் நெடுநேரம் ஆரஞ்சுச் சுளையின் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். காரணம் பல என்றாள். பள்ளித் தோழியர் பாதிப்பேர் செய்துகொண்டனர். நிழற்படம் எடுக்கும்போதெல்லாம் முகம் ஒரு பக்கம் சாய்ந்ததுபோல் விழுகிறது. இரு இமையும் ஒத்துத் தோன்ற வேண்டும் என்று வலது புருவத்தை எந்நேரமும் தூக்கிக்கொண்டே இருந்து, மாலையில் நெற்றி வலிக்கும். இவ்வளவும் சொல்லிவிட்டு, “ஆனா அந்தப் பாட்டி கை வைச்சது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. உள்ளங்கையிலே சந்தன வாசனை” என்றாள். சற்றுப் பொறுத்து, “நீங்க சிரிச்சதும்” என்றாள்.

எங்களைக் குற்றவாளியாக்கவுமில்லை, விடுவிக்கவுமில்லை. உரித்த சுளைகளை இருவர் கையிலும் பாதிப் பாதியாக வைத்தாள்.

அதன் பிறகு நாங்கள் ஒருமுறை மன்னிப்புக் கேட்டோம். முதியோர் இளையோரிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் நம் வீடுகளில் இல்லை. சொற்களும் சரியாக அமையவில்லை. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள் என்பது மட்டும் உறுதி.

ஐந்தாம் வாரம் முதல் ஒவ்வொரு நாளும் சன்னலோரம் நின்று, “தாத்தா, சமமா இருக்கா?” என்று கேட்கத் தொடங்கினாள். வரைபடக்காரர் கண்ணை அவள் நம்பினாள். அரை மில்லிமீட்டர் பிசகினால் தாளையே கிழித்துப்போட்ட கண் அது. சமமாக இல்லை என்பது வெளிப்படை; வலது மடிப்பு இன்னும் உயரம்தான், வெளிமுனையில் சற்றுத் தூக்கலும் உண்டு. பொய் சொன்னால் கண்டுபிடிப்பாள். மெய்யோ அன்றைக்குரிய மெய்தானே அன்றி அடுத்த மாதத்து மெய்யன்று. “இன்று இல்லை. நேற்றைக்கு இன்று நெருக்கம்” என்று சொல்லக் கற்றுக்கொண்டோம். சில நாள் நேற்றைவிட விலகியும் இருந்தது. அதையும் சொன்னோம். அவள் தலையசைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவாள்.

வலது புருவம் மட்டும் பழைய வழக்கத்தை விடாமல் தூக்கியே நின்றது. தூக்க வேண்டிய தேவை போய்விட்டது என்பதைத் தசை அறிய நாளாகும். புருவம் இறங்கினால் தோலும் இறங்கி மடிப்பின்மேல் கவியும், அப்போது மடிப்பு இன்னும் சிறுத்துத் தோன்றும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஊன்றுகோலை எடுத்துவிட்ட பின்னும் சில நாள் நொண்டி நடப்பவரை நாங்கள் கண்டதுண்டு.

பிப்ரவரி நடுவில் அவள் சியோலுக்குத் திரும்பினாள். திங்கள்தோறும் 22-ஆம் நாள் ஒரு படம் அனுப்புவாள். மார்ச்சுப் படத்தில் தழும்பு இறுகி, சிவந்த கோடாய் எழும்பி நின்றது. முன்னிலும் மோசம் என்று நாங்கள் அஞ்சினோம். ஏப்ரலில் சிவப்பு வெளுத்தது. மே மாதத்தில்தான் முதன்முறையாகப் புருவங்கள் ஒரே மட்டத்தில் நின்றன. ஜூன் 22-ஆம் நாள், ஆறாம் மாதப் படம் வந்தபோது நாங்கள் இருவரும் மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் பார்த்தோம். உள்மூலையில் ஒரு மயிரிழை வேறுபாடு. மற்றபடி கோடு கோட்டோடு ஒத்தது. வியந்த தோற்றம் மறைந்து, தன்னைத் தானே தெரிந்த ஒருத்தி எங்களைப் பார்த்தாள். அவள் பாட்டியின் கண் எங்கே என்று தேடியதும் அன்றுதான். இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுப் படத்தை எடுத்து, மடியில் கைகொட்டிச் சிரிக்கும் குழந்தையின் வலக்கண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கண்ணும் அழகாகத்தான் இருந்தது. அதை ஒருமுறையேனும் அவளிடம் சொல்லியிருக்கிறோமா என்று நினைவைத் துழாவினோம். இல்லை.

மறுபடி அவள் வந்தது 2024 ஜனவரியில், ஓராண்டு நிறைந்திருந்தது. பயணக் களைப்பில், வந்த பகலே கூடத்துச் சாய்வுநாற்காலியில் உறங்கிவிட்டாள். கண்கள் திறந்திருக்கையில் எது பிறந்தது, எது தைத்தது என்று எங்களாலேயே சொல்ல முடியவில்லை. மூடியிருந்தபோது தெரிந்தது. இடது இமை வழுவழுவென்று இருந்தது. வலது இமையின் நடுவே, கூர்மையான கடினப் பென்சிலால் அழுத்தாமல் இழுத்ததுபோல், வெளிறிய கோடு ஒன்று ஓடிற்று.

மாலையில் விழித்தெழுந்தவள் சமையலறைக்குள் வந்து, என்ன குழம்பு என்று கேட்டாள். பரங்கிக்காய்க் கூட்டு என்றோம்.

“உப்புப் போட்டா?” என்றாள்.

போட்டுத்தான் என்றோம். பரணிலிருந்து அப்பளத்தையும் இறக்கச் சொன்னாள்.